‘லெஸ்’ என்றொரு ஒட்டும் அம்மாவின் வீடும்

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் அதிக நேரம் நின்று வாசித்த இடம் நூலகம் அல்ல; ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்ப்பக்கம் இருந்த பலசரக்குக் கடை. அங்கே திராட்சைப்பழம் இரண்டு வகையாகக் குவிந்திருக்கும். ஒன்றுக்குள் விதை உண்டு, மற்றதுக்குள் கிடையாது. விதை கிடையாத வகைக்கு விலை கூட. கோழி இறைச்சியிலும் அதே கதை. எலும்போடு இருப்பது மலிவு. எலும்பை எடுத்துவிட்டால் விலை ஏறிவிடும். சீட்லெஸ், போன்லெஸ், சுகர்லெஸ் என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போவேன். அதே பிளாசாவில் இருந்த மின்சாதனக் கடையில் வயர் இல்லாத தொலைபேசியைக் கண்ணாடிக்குள் வைத்து, கோட்லெஸ் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடைப் பலகையிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கும். சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. சைக்கிளில் வருகிறவர்கள் காலை ஊன்றாமலே அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இங்கே அதே மாதிரியான பட்டியலைத் தேடி வந்து, கூடிய விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

அந்த ‘லெஸ்’ என்ன செய்யும் என்று முறையாகச் சொல்லித் தந்தவர் மிஸ்ஸிஸ் டொனலி. காலை நேரங்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். சோமாலியாக்காரர், போலந்துக்காரர், சீனர், தமிழர் நாலு பேர். நான் அங்கே படித்துவிட்டு, மத்தியானம் மில்லிக்கன் பக்கத்தில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன். ஒருநாள் அவர் கரும்பலகையின் இடப்பக்கம் நாலைந்து சாதாரணச் சொற்களை எழுதினார். வீடு, வேலை, பயம், கவனம், விலை. பிறகு ஒவ்வொன்றின் பின்னாலும் ‘லெஸ்’ என்று ஒட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரன் தெருவுக்கு வந்தான். வேலைக்காரன் வேலை இழந்தான். ஆனால் பயந்தவன் வீரனாகிவிட்டான். ஒரே ஒட்டுத்தான், எதற்குப் பின்னால் போய் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒருவனைத் தூக்கவும் செய்கிறது, விழுத்தவும் செய்கிறது. கடைசியாகப் பிறைஸ்லெஸ் என்று எழுதிவிட்டு அர்த்தம் கேட்டார். நான்தான் முதலில் கை உயர்த்தினேன். எப்போதும் நான்தான் முதலில் உயர்த்துவேன். “ஒன்றுக்கும் உதவாதது” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார். இது என் அம்மாவுடையது, இதற்கு விலையே சொல்ல முடியாது, இது பிறைஸ்லெஸ் என்று சொல்லி, பார்ப்பதற்காக என் பக்கம் நீட்டினார். விலை இல்லாததை எனக்குச் சும்மா தருகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். கையைப் பின்னுக்கு இழுத்து, “வேண்டாம் மிஸ், நன்றி. என்னிடம் இருக்கிறது” என்றேன். என்னிடம் மோதிரம் இருக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த கிளி அக்கா என் தொடையில் கிள்ளி, “உனக்கென்னடி, பெட்டி நிறைய வைச்சிருக்கிறாய். ஒண்டை எனக்குத் தாவன்” என்றார். எனக்கு முகம் எரிந்தது. பிழையான அர்த்தம் சொன்னதற்காக அல்ல. இல்லாததை இருக்கிறது என்று சொன்னது எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அது அம்மாவிடமிருந்து வந்த வாய். எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. பல தமிழ் வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அம்மா அதை ஒரு விரதம்போலப் பிடித்திருந்தார். உப்பு முடிந்தால் “உப்பு வாங்க வேணும்” என்பார். ஆராவது கைமாற்றாக அரிசி கேட்டு வந்து எங்கள் பானையும் காலியாக இருந்தால், “நாளைக்கு வாருங்கோ, நல்லதாப் பார்த்துத் தாறன்” என்பார். அம்மா மற்றவர்களின் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கியவர். அப்பா மேசன். தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது “சாப்பிட்டனியளோ” என்று கேட்டால், காலையில் இருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, “ஓம், வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்” என்பார். நான் பசியோடு அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போது அது எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. தங்கள் முற்றத்தில் எங்களை இருக்கச் சொல்லாதவர்களிடம் அம்மா விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த ஒரே சொத்து அதுதான் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவின் பக்கத்திலோ அம்மாவின் பக்கத்திலோ எனக்கு முன்னர் எவரும் ஒரு கடுதாசியை வாசித்ததில்லை. அப்பாவால் ஒரு சுவரை நூல் பிடித்ததுபோல எழுப்ப முடியும். தன் பெயரை எழுத முடியாது. நான் உயர்தரம் வரை படித்தேன். இதை நான் பணிவாகச் சொல்ல விரும்பவில்லை. பங்கருக்குள் இருந்து படித்தேன், குப்பி விளக்கில் படித்தேன், முதல் தரத்தில் சித்தியடைந்தேன். ஆனால் இங்கே வந்து இறங்கிய அன்று, அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்டவர்கள் எல்லோருடைய பத்து விரல்களிலும் மை பூசி எடுத்தார்கள். படித்தவள், படிக்காதவன் என்ற பேதம் அந்த மேசையில் கிடையாது. கைநாட்டு வைக்காத முதல் ஆள் என்று எங்கள் வீட்டில் என்னைக் கொண்டாடியிருந்தார்கள். அம்மா வைத்ததைவிட ஒன்பது விரல் கூடுதலாக நான் வைத்தேன். அந்தச் சூட்டில்தான் ஒரு கொப்பி வாங்கி ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினேன். ‘லெஸ்’ ஒட்டிய சொற்களுக்கு மட்டும் அதில் நாலு பக்கம் நிறைந்தது.

நான் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா வந்து சேர்ந்தார். அப்பா அதற்கு முன்னரே செத்துப்போயிருந்தார். விமான நிலையத்தில் அம்மாவும் அகதி என்று கேட்டார். அவருடைய கதையை எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் எங்கள் கைக்கு வந்தது. சட்டத்தரணியிடம் மொழிபெயர்க்க ஆள் இருந்தார். ஆனால் நான்தான் எழுதுவேன் என்று நின்றேன். பகலில் சமையலறை மேசையில் அம்மாவை இருத்திவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அவர் அதிகம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன். என் கொப்பியின் நாலு பக்கத்தையும் அதில் இறக்கினேன். அவர் ஹோம்லெஸ். அவருடைய வீடு ரூஃப்லெஸ். ஊரிலும் கொழும்பிலும் உதவ ஆள் கிடையாது, ஆகவே ஹெல்ப்லெஸ். ஒவ்வொரு சொல்லும் பூட்டுக்குள் திறப்பு விழுவதுபோலச் சரியாக விழுந்தது. சட்டத்தரணி வாசித்துவிட்டு, “நல்ல ஆங்கிலம்” என்றார். அன்று பஸ்ஸில் வீடுவரை நான் ஜன்னலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

படிவத்தில் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நானும் வாசித்தேன். ஆனால் தமிழில் சொல்லும்போது அந்த இடங்களை மெல்லத் தாண்டிப் போனேன். “ஆமி அடிச்ச செல் வீட்டில விழுந்ததையும் எழுதியிருக்கிறன் அம்மா” என்றேன். “எழுது, எழுது” என்றார். அவருடைய காதில் ‘இல்லை’ என்ற சொல்லைப் போட எனக்குத் துணிவு வரவில்லை. நான் விட்ட பிழை அதுதான்.

விசாரணை நகரின் நடுவில், உயரமான ஒரு கட்டடத்தில் நடந்தது. சின்ன அறை, நீள மேசை, ஒரு கூசா தண்ணீர். முடிவு சொல்லப்போகிறவர் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். அவருக்கும் அம்மாவுக்கும் இடையே மொழிபெயர்க்க ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர் ஒருவர், கழுத்துப்பட்டியோடு இருந்தார். நான் சுவரோரம் ஒரு கதிரையில். வெளியே மார்கழிக் குளிர். அம்மா என்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அதற்குள்ளேயே இருந்தார். அம்மாவின் பெயர், வயது, ஊர் எல்லாம் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தப் பெண் நான் எழுதிய தாளைப் புரட்டி, வீட்டைப் பற்றிக் கேட்டார்.

“அம்மா, ஊரில உங்கட வீடு இப்ப எப்பிடி இருக்கு எண்டு கேக்கினம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“வீடு இருக்கு” என்றார் அம்மா.

“அதில இப்ப ஆரும் இருக்கினமோ?”

“ஆக்கள் வருவினம், போவினம். வீடெண்டா அப்பிடித்தானே.”

“கொழும்பில உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு கேக்கினம்.”

“ஓம், இருக்கினம். ஆக்களுக்கு எங்களுக்கு என்ன குறை.”

மொழிபெயர்ப்பாளர் ஒருகணம் நின்றார். அவர் என் பக்கம் திரும்பவில்லை, திரும்பக்கூடாது. ஆனால் அவருடைய வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பார். காதில் விழுந்தது என்ன, அதன் உள்ளே இருந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்தது என்பதை அந்த ஒருகணத்தில் நான் கண்டேன். பிறகு, சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னார். வீடு இருக்கிறது. ஆட்கள் வந்துபோகிறார்கள். கொழும்பில் இவர்களுக்குத் தாராளமாக ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சொல் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அந்தப் பெண் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னுடைய ஹோம்லெஸ்ஸின் மேல் விரலை வைத்தார். தாளில் இப்படி இருக்கிறது, நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள், எதை நம்புவது என்று கேட்டார். கொழும்பில் ஆதரவு இருந்தால் அங்கேயே போய் இருக்கலாமே என்றும் கேட்டார். குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அகதிக் கதையில் தாளும் வாயும் முரண்பட்டால் கதை முடிந்தது என்று எங்கள் சனத்துக்கு எல்லாம் தெரியும். அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டத்தரணி பத்து நிமிடம் இடைவேளை கேட்டார்.

நடைபாதையில் அம்மாவைச் சுவரோடு நிறுத்திவைத்துக் கேட்டேன்.

“என்னம்மா சொல்லுறியள்? வீடு எங்க இருக்கு?”

“ஏன், இருந்த இடத்திலதான்.”

“அம்மா, வீடு இல்லை. கூரை இல்லை. கொழும்பில எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. உதைத்தானே அவை கேக்கினம். இல்லை எண்டு ஒரு சொல்லு.”

“உந்த வாயால அதைச் சொல்லாதை.”

“சொல்லாட்டி உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்.”

“அனுப்பினா அனுப்பட்டும். முன்னப்பின்னத் தெரியாத மனிசிக்கு முன்னால போய் இருந்துகொண்டு, அது தா இது தா எண்டு நான் கையேந்தவோ? கொப்பர் மூண்டு வருசமாக் கட்டின வீடு. நீ படிச்சனி, உனக்கு அது லேசு.”

கடைசி வசனம் என்னைக் குத்தியது. ஏனென்றால் அது சரி. எனக்கு அது லேசாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வாலில் நாலு எழுத்தை ஒட்டும்போது நான் ஒன்றையும் இழந்ததாக உணரவில்லை. அப்பாவின் கூரையை நான் அப்படித்தான் கழற்றினேன். எழுத்துப் பிழை இல்லாமல் கழற்றினேன் என்று சந்தோசப்பட்டேன்.

அந்தக் கூரையைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும்? எங்கள் பகுதியில் இருந்து எல்லோரும் எழும்பி ஓடி ஒரு கிழமைக்குப் பிறகு, என்னுடைய சோதனைச் சான்றிதழ்களை எடுத்துவர அம்மாவும் நானும் திரும்பிப் போனோம். ஒழுங்கை முடக்கில் அம்மா என்னை நிறுத்திவிட்டு, “நீ வராதை, நில்” என்று சொல்லித் தனியே உள்ளே போனார். நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். முன்சுவர் நின்றது. ஜன்னலும் நின்றது. ஜன்னலுக்குள்ளால் வானம் தெரிந்தது. வீட்டுக்குள் இருக்கவேண்டிய இருட்டு அங்கே இருக்கவில்லை. நல்ல நீல வானமும் ஒரு துண்டு முகிலும் இருந்தன. அம்மா புழுதி படிந்த தலையோடு, என் தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். “வீடு எப்பிடியம்மா?” என்று கேட்டேன். “வீடு இருக்கு. உன்ர பேப்பருகளும் இருக்கு, வா” என்றார். நான் மேலே கேட்கவில்லை. பிறகு ஒருபோதும் கேட்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு சட்டத்தரணி என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். தாளை எழுதியவள் நான் என்பதால் அனுமதித்தார்கள். நான் சத்தியம் செய்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு சொல் சொல்லப்படுவதில்லை என்று தொடங்கினேன். உப்பைச் சொன்னேன், அரிசியைச் சொன்னேன், தோட்டக்காரர் முற்றத்தைச் சொன்னேன். முன்னே இருந்த பெண் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்படியானால் உங்கள் தாய் ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது, அது இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமா?”

ஆம் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த பிறகுதான் அதற்குள் இருந்த குழி தெரிந்தது. ஆம் என்றால் அம்மா இனிச் சொல்லப்போகும் எதற்கும் பெறுமதி கிடையாது. பயம் இருக்கிறது என்று அம்மா சொன்னால், பயமும் இல்லை என்று ஆகிவிடும். அதைவிட, அம்மா பொய் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்த வீடு இருந்தது.

“இல்லை” என்றேன். “என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவரிடம் கேட்காதீர்கள். அவர் கண்டதைக் கேளுங்கள். மழை பெய்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.”

 அந்தப் பெண் மறுத்திருக்கலாம். சாட்சி சொல்ல வந்தவள் கேள்வி சொல்லிக்கொடுக்கிறாள் என்று கண்டித்திருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் தொங்கவிட்டார். முதலில் நான் அந்த வீட்டைக் கண்டேனா என்று என்னிடம் கேட்டார். ஜன்னலுக்குள்ளால் வானத்தைக் கண்டதாகச் சொன்னேன். அம்மாவுக்கு முன்னால், ஆங்கிலத்தில், கூரை இருக்கவில்லை என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைத் தாழ்ந்த குரலில் அம்மாவின் காதுக்குத் தமிழில் கொண்டுபோனார். அம்மா மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சட்டத்தரணி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் தமிழில் கேட்டார்.

“மழை பெய்தா அந்த வீட்டில என்ன நடக்கும் அம்மா?”

“மழை பெய்தா உள்ளுக்கு வரும்.”

“எந்த அறைக்குள்ள?”

“எல்லாத்துக்குள்ளயும்.”

“ஆக்கள் வந்து போவினம் எண்டியள். அவை ஆர்?”

அம்மா நிமிர்ந்தார். இப்படிக் கேட்டால் சொல்ல முடியாதா என்பதுபோல, “ஆமிக்காரர்தான்” என்றார். “பின்வளவில காவலுக்குச் சென்றி போட்டிருக்கிறாங்கள். எங்கட கல்லைத்தான் உருவி அடுக்கியிருக்கிறாங்கள்.”

“கொழும்பில தெரிஞ்ச ஆக்கள் எண்டியள்?”

“நாங்கள் நிண்ட லொட்ஜ் முதலாளி. நல்ல மனிசன். பொலிஸ் பெடிபெட்டையளை ஏத்திக்கொண்டு போக வரேக்க, முதலே எங்கட கதவில தட்டிச் சொல்லிப்போடுவார். ரெண்டுதரம் என்னையும் ஏத்தினவங்கள்.”

“பிறகு?”

“பிறகு விட்டிட்டாங்கள். கிழவியை வைச்சு என்ன செய்யிறது எண்டு பகிடி பண்ணிப்போட்டு விட்டவங்கள்.”

 அரை மணித்தியாலத்தில் அம்மா ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான் ஒரு ஒட்டில் அடக்க நினைத்ததை அவர் மழையாலும் கல்லாலும் சொன்னார். எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் கோபம் வந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. அந்த ஆங்கிலம் இல்லாவிட்டால் மழையைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த மொழியின் வேகம் எனக்கு அன்று கொஞ்சம் பயமாக இருந்தது. இரண்டு சொல்லை ஒட்டி ஒரு வாழ்க்கையை மூடிவிடலாம் என்ற அந்த வேகம்.

பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் மொழியிலும் இந்த வேலை நடக்கிறது. ஏதிலி என்கிறோம், ஏதும் இல்லாதவர் என்பதை மூன்று எழுத்தில் சுருக்கிய சொல். அகதி என்கிறோம், கதி கிடையாது. அகதியில் அந்த இன்மை சொல்லின் வாசலிலேயே வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் முதலில் வீட்டைச் சொல்கிறார்கள், பிறகுதான் அதை எடுக்கிறார்கள். முதல் பாதியைச் சொல்லி முடிக்கும்வரைக்குமாவது வீடு இருக்கிறது. ரெஃபியூஜி என்ற சொல்லுக்குள் இல்லை என்பதே கிடையாது. ஓடிப்போய் ஒதுங்குகிற இடத்தின் பெயர்தான் இருக்கிறது. இதை எல்லாம் மிஸ்ஸிஸ் டொனலியிடம் சொன்னபோது, நீ ஆசிரியை ஆகவேண்டியவள் என்றார். மூடித் தொழிற்சாலையில் ஐந்து மணித்தியாலம் நின்றுவிட்டு வரும்போது இப்படி யோசிக்கத்தான் முடிகிறது, வேறொன்றுக்கும் தெம்பு கிடையாது என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல, “தாங்க்யூ மிஸ், தெம்பு இருக்கிறது” என்ற முகத்தோடு நின்றேன்.

விசாரணை முடிந்து சப்வேயில் வீட்டுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸுக்கு மாறிய பிறகு அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“நீ சொன்னதை அவை எழுதிப்போட்டினமோ?”

“எதையம்மா?”

“கூரையை.”

“ஓம். எழுதுவினம்தானே. ரேப் ரெக்கோடரிலயும் பதிஞ்சவை.”

“அழிக்க ஏலாதோ?”

“அழிச்சா உங்களுக்குக் கேஸ் இல்லாமப் போயிடும்.”

அம்மா தலையை ஆட்டினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தின் மேல் இருக்கும் பயம் படித்தவர்களுக்குக் கிடையாது. பேச்சு காற்றோடு போகும். எழுத்து அரசாங்கத்தின் அலுமாரியில் கிடக்கும். அப்பாவின் வீட்டைப் பற்றி, நான் அறிய முதல் முதலாக ஒரு அரசாங்கத்தின் தாளில் ஏற்றப்பட்டது அது நிற்கவில்லை என்பது. ஏற்றியவள் குடும்பத்தில் முதல் முதலாகப் படித்தவள். இதை அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பங்குனி முடிவில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். முடிவோடு காரணங்களும் மூன்று பக்கத்தில் இருந்தன. கிளி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்; “கொம்மாவைக் கும்பிட்டுக்கொள்ளடி, நீ எழுதின எழுத்துக்கு உன்னைத்தான் பிடிச்சு அனுப்பியிருப்பாங்கள்” என்று சிரித்தார். அம்மாவோ மூன்று பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து இருந்தார். “ஒண்டும் விடாமல் வாசி” என்றார்.

இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்தது. விண்ணப்பதாரியின் வீடு அழிந்துவிட்டது, அவர் வீடற்றவர், தாய்நாட்டின் எந்தப் பகுதியிலும் அவருக்கு ஆதரவு இல்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. நான் கொப்பியில் சேர்த்த சொற்கள் இரண்டு அப்படியே அங்கே அச்சில் இருந்தன. அவற்றை விரலால் தொட்டுக்கொண்டு தமிழில் சொன்னேன்: “வீடு இருக்கிற இடத்துக்கு உங்களால இப்ப போக ஏலாது எண்டு எழுதியிருக்கினம். உங்களுக்கு வேண்டின ஆக்கள் எல்லாம் இஞ்சதான் எண்டும் எழுதியிருக்கினம்.” மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தால் என்னை வேலையால் நிறுத்தியிருப்பார். அம்மா என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். “மனிசி நல்ல மனிசி” என்றார்.

பிறகு எழும்பிப்போய்த் தன் பயணப்பையின் அடியில் இருந்து, மடித்துக் கட்டிய ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் இருந்தது எங்கள் காணிக்கான உறுதிப் பத்திரம். நான் அதை அதற்கு முன்னர் வாசித்ததில்லை. அப்படி ஒன்று கனடாவுக்கு வந்திருப்பதே தெரியாது. பழுப்பேறிய தாள், முத்திரை, கீழே அப்பாவின் பெருவிரல் ரேகை. கிழக்கே இன்னார் காணி, மேற்கே ஒழுங்கை, வடக்கே இன்னார், தெற்கே இன்னார், இதற்குள் அடங்கிய நிலமும் கல்வீடும் பயன்தரு மரங்களும் கிணற்றில் பங்கும் என்று உறுதி எழுதிய நொத்தாரிசின் கையெழுத்தில் இருந்தது. உரத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கல்வீடும் என்ற இடத்தில் அம்மாவின் தலை மெல்ல ஆடியது.

கனடாக் கடிதத்தை வாங்கி, உறுதியின் மடிப்பு உடையாமல் அதற்குள் செருகினார். மூன்று வெள்ளைத் தாளும் ஒரு பழுப்புத் தாளும். ஒன்றில் வீடு இருந்தது. மற்றதில் அது இருக்கவில்லை. இரண்டிலும் அரசாங்க முத்திரை இருந்தது. பையைச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டு என் கையில் தந்தார்.

“கவனமா வை. இஞ்ச ஆரும் கேட்டா வெள்ளையைக் குடு. அங்க ஆரும் கேட்டா மற்றதைக் குடு.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கேட்டா?”

“அப்ப நீ கதை,” என்றார் அம்மா. “நீதானே படிச்சனி.”